நியூட்ரிஷனல் ஈஸ்ட்: கடையில் வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மளிகைக் கடைகளில் "நியூட்ரிஷனல் ஈஸ்ட் இருக்குங்களா?" என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். சேலம், நாமக்கல் போன்ற ஊர்களில் மட்டுமல்ல, கொல்லிமலையில் எங்கள் தேவனூர் நாட்டுப் பக்கத்திலும் இந்தப் பெயர் காதில் விழுகிறது. மலைக்கு வந்து இரண்டு நாள் தங்கும் வெளியூர்க்காரர்கள், கோவை, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகள், பால், நெய், தயிர் எதுவும் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டவர்கள் ஆகியோர்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். கேட்பவர் தொகை இன்றைக்குக் குறைவுதான். ஆனால் "ஈஸ்ட்" என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு வேறு ஒரு சரக்கை எடுத்துக் கொடுத்துவிடும் ஆபத்து அதிகம். அதனால்தான் இந்தப் பொருளைப் பற்றி நம் வணிக நண்பர்களுக்குக் கொஞ்சம் விளக்கமாக எழுத வேண்டியதாயிற்று.

நம் கடைகளில் ஏற்கனவே இருக்கும் ஈஸ்ட், பேக்கரிக்காரர்கள் வாங்கும் உலர் ஈஸ்ட். சிறு சிறு மணிகளாக இருக்கும். அது உயிருள்ள சரக்கு. வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் சேர்த்தால் கால் மணி நேரத்தில் நுரைத்துக்கொண்டு எழும். மாவை உப்ப வைப்பது அதன் வேலை. நியூட்ரிஷனல் ஈஸ்ட் அப்படியல்ல. அது சூடு காட்டிச் செயலிழக்கச் செய்யப்பட்ட ஈஸ்ட். மாவில் போட்டால் ஒரு நூல் அளவுகூட எழும்பாது. அதை உணவின் மேல் தூவியும் குழம்பில் கரைத்தும் சுவைக்காகச் சாப்பிடுகிறார்கள். முதலாவதைக் கேட்டவருக்கு இரண்டாவதைக் கொடுத்தால் அவர் வீட்டு பன் கல்லாகிவிடும், அதோடு போயிற்று. இரண்டாவதைக் கேட்டவருக்கு முதலாவதைக் கொடுத்தால் விஷயம் வேறு. உயிருள்ள ஈஸ்டைச் சுண்டலின் மேலோ பொரியின் மேலோ பச்சையாகத் தூவிச் சாப்பிட்டால் வயிறு உப்பிசம், வாயுத் தொல்லை வரும். அடிவாரத்தில் ஒரு கடையில் இப்படித்தான் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வாங்கிப் போன அம்மா மறுநாள் பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்து கல்லாவின் மேல் வைத்துவிட்டுப் போனவர்தான், மாதச் சாமானுக்கும் அந்தக் கடைக்கு வருவதில்லை. நூறு ரூபாய்ச் சரக்கில் ஒரு மாதக் கணக்கே கைவிட்டுப் போயிற்று.

எப்படித் தயாரிக்கிறார்கள்?

அடிப்படையில் எல்லாம் ஒரே இனம்தான். அறிவியலில் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்று அழைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பூஞ்சை. கள்ளை நுரைக்க வைப்பதும், அந்தக் காலத்தில் ஆப்ப மாவில் கள் ஊற்றினால் மறுநாள் காலை பூவாகப் பொங்கியதும் இந்த இனத்தின் வேலைதான். சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்பாகு, அதாவது மொலாசஸ், இதற்கு நல்ல தீனி. நம் மாவட்டத்தில் மோகனூர் சர்க்கரை ஆலைப் பக்கம் போய் வந்தவர்களுக்கு அந்த வாசனை தெரியும். பெரிய தொட்டிகளில் மொலாசஸ் கரைசலை ஊற்றி ஈஸ்டை வளர்க்கிறார்கள். போதுமான அளவு பெருகியதும் பிரித்தெடுத்துக் கழுவி, சூடு காட்டி உயிர்ப்பை அடக்கி, சூடான உருளைகளின் மேல் மெல்லிய படலமாக ஓடவிட்டு உலர்த்துகிறார்கள். உருளையிலிருந்து சுரண்டி எடுக்கும்போது செதில் செதிலாக வருகிறது. அதுதான் பாக்கெட்டில் நாம் பார்க்கும் மஞ்சள் நிறச் செதில். அரைத்துத் தூளாகவும் வருகிறது. மஞ்சள் நிறத்துக்குக் காரணம் ரிபோஃப்ளேவின் என்ற பி2 வைட்டமின்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் வேறு இரண்டு சரக்குகளும் உண்டு. பீர் ஆலையில் மிஞ்சும் ஈஸ்டை உலர்த்தி மாத்திரையாகவும் தூளாகவும் விற்பது 'ப்ரூயர்ஸ் ஈஸ்ட்'. அதில் கசப்பு இருக்கும், சமையலுக்கு உதவாது. ஈஸ்ட் செல்களை உப்பிட்டு அவற்றின் சாரத்தை மட்டும் பிரித்து, கரும்பழுப்பு நிறத்தில் பசை போலக் காய்ச்சியது 'ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட்'. மார்மைட் என்ற பெயரில் இங்கிலாந்தில் 1902-ல் வந்தது அந்த ரகம். இலங்கையில் இன்றும் அதை வெந்நீரில் கரைத்து எலுமிச்சை பிழிந்து குடிக்கும் வழக்கம் உண்டு. அதில் உப்பு மிக அதிகம். நியூட்ரிஷனல் ஈஸ்டில் தனியாக உப்புச் சேர்ப்பதில்லை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அதே அளவில் போட முடியாது என்பதை வாங்குபவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

அந்தச் சுவை எது?

வாயில் ஒரு செதிலைப் போட்டால் கொஞ்சம் பாலாடைக் கட்டி மணம், கொஞ்சம் வறுத்த வேர்க்கடலை வாசம், நாக்கின் பின்பக்கம் வரை பரவி நிற்கும் ஒரு ருசி. நம் அறுசுவைக் கணக்கில் இதற்குத் தனிப் பெயர் இல்லை. ஆனால் பொருள் நமக்குப் புதிதல்ல. கருவாட்டுக் குழம்பில் இருப்பது, எலும்பு வேகவைத்த ரசத்தில் இருப்பது, நன்றாகப் பழுத்த தக்காளியை வதக்கும்போது வருவது, காளானில் இருப்பது எல்லாம் இந்த ருசிதான். 1908-ல் டோக்கியோவில் கிகுனே இகேடா என்ற பேராசிரியர், கடற்பாசி வேகவைத்த நீருக்கு அந்த ருசி எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து, குளூட்டமேட் என்ற பொருளே காரணம் என்று கண்டார். உமாமி என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டே அதை உப்பு வடிவில் கடைக்குக் கொண்டுவந்தார்கள். அதுதான் நம் ஓட்டல்காரர்கள் கிலோ கணக்கில் வாங்கும் அஜினமோட்டோ, எம்.எஸ்.ஜி. என்று சுருக்கமாகச் சொல்வது.

நியூட்ரிஷனல் ஈஸ்டில் அந்தக் குளூட்டமேட் இயற்கையாகவே இருக்கிறது. "அஜினமோட்டோ வேண்டாம், ருசியும் வேண்டும்" என்று நினைப்பவர்கள் இதை நாடுவதற்கு அதுவே காரணம். இங்கே கடைக்காரர் வாய்ச்சொல்லில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். "இதில் எம்.எஸ்.ஜி. சேர்க்கவில்லை" என்பது ஒன்று. "இதில் அந்த வகைப் பொருளே கிடையாது" என்பது வேறொன்று. இரண்டாவது உண்மையல்ல. 2015 ஜூன் மாதம் மேகி நூடுல்ஸைத் தடை செய்தபோது, ஈயம் அனுமதித்த அளவுக்கு மேல் இருக்கிறது என்பதோடு, "எம்.எஸ்.ஜி. சேர்க்கப்படவில்லை" என்ற வாசகமும் குற்றச்சாட்டில் இடம்பெற்றது நினைவிருக்கும். அந்த ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. நவம்பரில் சரக்கு மீண்டும் கடைக்கு வந்தது. இடையில் அலமாரியிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கித் திருப்பி அனுப்பியவர்கள் நாம்தான். இயற்கையில் இருப்பதற்கும் தனியாகச் சேர்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால் வாடிக்கையாளரிடம் அளந்து பேசலாம்.

சமையலில் எப்படிச் சேர்ப்பது?

நாமே ஒரு முறையாவது சமைத்துப் பார்க்காத பொருளை விற்பது கடினம். எங்கள் மலையில் இதற்குப் பொருத்தமான இடம் முடவாட்டுக்கால் சூப். பாறையிலும் மரத்திலும் பற்றி வளரும் ஒரு பெரணிச் செடியின் கிழங்கு அது. மேலே ரோமம் போர்த்து ஆட்டுக்கால் போலவே இருக்கும். தோலைச் சீவி, நறுக்கித் தட்டி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் போட்டு வேகவைப்பார்கள். கொல்லிமலைக்கு வருகிறவர்கள் வழியோரக் கடைகளில் நின்று குடித்துவிட்டுத்தான் போகிறார்கள். சைவமாக இருந்தும் அசைவ ருசி என்பதுதான் அதன் விற்பனை. சில கடைகளில் அந்த ருசிக்காக அஜினமோட்டோ போடுவதும் உண்டு. அதற்குப் பதில் இறக்கியபின் ஒரு குவளைக்கு அரை டீஸ்பூன் நியூட்ரிஷனல் ஈஸ்ட் கரைத்தால் சூப்பு கொஞ்சம் கெட்டிப்படும், ருசியும் நிற்கும். மலை மிளகின் காரத்தோடு நன்றாகப் பொருந்துகிறது.

இதில் முக்கியமானது, அடுப்பை அணைத்தபின் சேர்ப்பது. இது ஏற்கனவே வெந்து உலர்ந்த பொருள், மறுபடி வேக வேண்டியதில்லை. கொதிக்கக் கொதிக்க வைத்தால் மணம் மங்கும், பி வைட்டமின்களில் சிலவும் குறையும். எண்ணெயில் நேராகப் போட்டால் சட்டென்று கருகிக் கசக்கும். உப்பைக் கடைசியில்தான் பார்த்துப் போட வேண்டும். இது சேர்ந்தால் வழக்கமான உப்பில் கொஞ்சம் குறைத்தாலும் குறை தெரியாது.

சாமைச் சோறு, தினைச் சோறு சாப்பிடும் வீடுகளில் பருப்புக் கடைசலிலும் கீரைக் கடைசலிலும் ஒரு டீஸ்பூன் போடலாம். கேழ்வரகுக் களிக்குத் தொட்டுக்கொள்ளும் கீரைக் குழம்பு இன்னும் நல்ல ஜோடி. காளான் குழம்பில் சேர்த்தால் இரண்டு மடங்கு ருசி தெரியும். காளானில் உள்ள வேறொரு பொருளும் குளூட்டமேட்டும் கூடும்போது ஒன்றையொன்று தூக்கிவிடும் என்பது ஆராய்ச்சியில் நிரூபணமான விஷயம். இட்லிப் பொடியில் பொட்டுக்கடலையோடு கலந்து வைத்துக்கொள்ளலாம். நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்தால் எள்ளு வாசமும் இதன் வாசமும் சண்டை போடாமல் போகும். சுண்டல், பொரி, அவித்த மரவள்ளிக் கிழங்கு இவற்றின் மேல் மிளகுத் தூளோடு சேர்த்துத் தூவலாம். புளிக்குழம்பு, வற்றல் குழம்பு ஆகியவற்றில் போடுவது வீண். புளியின் முன்னால் இந்த ருசி நிற்காது, காசுதான் கரையும். பெருங்காயம் தூக்கலாக இருக்கும் ரசத்திலும் அப்படியே.

ஓட்டல்காரர்களுக்கும் ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கும் சொல்ல வேண்டிய ஒரு பக்குவம் உண்டு. முந்திரியை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, நியூட்ரிஷனல் ஈஸ்ட், பூண்டுப் பல், உப்பு, சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து வழவழவென்று அரைத்தால் பால் சேராத 'சீஸ்' கிடைக்கும். தோசை மேல் தடவிக் கொடுக்கிறார்கள். நூறு கிராம் முந்திரிக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் போதும். முந்திரியும் நம் கடையிலேயே போகும் என்பதைக் கவனிக்கவும்.

மருந்து என்று சொல்லி விற்கலாமா?

கூடாது என்பதே என் கருத்து. ஆனாலும் ஈஸ்டுக்கும் மருத்துவத்துக்கும் உள்ள தொடர்பு நம் நாட்டிலேயே தொடங்கியது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடும் இரத்தசோகைக்கு ஆளாகி மடிந்துகொண்டிருந்தார்கள். காரணம் கிருமியா, உணவா என்று தேடினார். 1929-ல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தும், பிறகு சென்னையில் கோஷா ஆஸ்பத்திரி என்று மக்கள் அழைத்த, இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையிலும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். கடைசியில், விலை மலிவான மார்மைட் ஈஸ்ட் சாரத்தைக் கொடுத்தால் அந்த இரத்தசோகை தீருகிறது என்று 1931-ல் வெளியிட்டார். ஈஸ்டில் உள்ள அந்தப் பொருளுக்கு வில்ஸ் காரணி என்றே பெயர் வந்தது. 1941-ல் அதைப் பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். இன்று கர்ப்பிணிகளுக்கு ஆரம்பச் சுகாதார நிலையங்களில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்ந்திருப்பது அந்த ஃபோலிக் அமிலம்தான். இலங்கையில் 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போதும் நலிந்தவர்களுக்கு மார்மைட் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு "இரத்தசோகைக்கு இது நல்லதுங்க" என்று கர்ப்பிணிப் பெண்ணிடம் ஒரு பாக்கெட்டை நீட்டிவிடக் கூடாது. வில்ஸ் கொடுத்தது மருத்துவமனையில், அளவு பார்த்து. அவருக்கு வேண்டியது அரசு கொடுக்கும் இலவச மாத்திரை. அதை விட்டுவிட்டு நம் கடைச் சரக்கை நம்பினால் நஷ்டம் அவருக்கு.

இதைவிட முக்கியமானது பி12 விவகாரம். பால் பொருட்களும் இறைச்சியும் முட்டையும் சாப்பிடாதவர்களுக்கு பி12 வைட்டமின் கிடைப்பது கஷ்டம். அது குறைந்தால் நரம்பு தளர்ச்சி, கைகால் மரத்துப் போவது, இரத்தசோகை எல்லாம் வரும். நியூட்ரிஷனல் ஈஸ்ட் சாப்பிட்டால் பி12 கிடைக்கும் என்று பலர் நம்பி வாங்குகிறார்கள். ஈஸ்ட் தானாக பி12 உற்பத்தி செய்வதில்லை. தயாரிப்பாளர் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. சேர்த்த ரகத்தை 'ஃபோர்ட்டிஃபைடு' என்றும், சேர்க்காததை 'அன்ஃபோர்ட்டிஃபைடு' என்றும் பாக்கெட்டில் போடுகிறார்கள். இரண்டும் சந்தையில் இருக்கின்றன, பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். குழந்தைக்குப் பால் கொடுக்காமல் இதை நம்பி வளர்க்கும் வீட்டுக்குச் சேர்க்காத ரகத்தை "எல்லாம் ஒண்ணுதானுங்க" என்று கொடுத்தால் விளைவு எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். பாக்கெட்டின் பின்பக்க அட்டவணையில் பி12 என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு நிமிடம் போதும். குழந்தை விஷயம் என்றால் டாக்டரைக் கேட்கச் சொல்வது நம் கடமை.

புரதமும் அப்படியே. நூறு கிராமில் ஏறக்குறைய பாதி புரதம் என்பது உண்மை. ஆனால் யாரும் நூறு கிராம் சாப்பிடுவதில்லை. ஒரு டீஸ்பூன் சுமார் 2 கிராம், அதில் புரதம் ஒரு கிராம். ஒரு கைப்பிடிக் கொள்ளு இதைவிட அதிகம் தரும், மலிவாகவும் தரும். யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்கள், மனச்சோர்வுக்கு எம்.ஏ.ஓ. வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் ஈஸ்ட் பொருட்களைத் தொடும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஈஸ்ட் பூஞ்சை இனம் என்பதால் விரதக்காரர்கள் சிலர் ஏற்பதில்லை. கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

கொள்முதலும் இருப்பும்

கிலோ விலைக்குக் கணக்கிட்டால் இது மிளகையும் தாண்டும் சரக்கு. ஆகவே கைமுதலை முடக்கிக்கொள்ளாமல் சிறு பாக்கெட்டில் தொடங்க வேண்டும். நூறு கிராம் பாக்கெட்டில் சுமார் 50 டீஸ்பூன். தினம் ஒரு டீஸ்பூன் போடும் வீட்டுக்கு ஒன்றரை மாதத்துக்கு மேல் வரும். பத்து வீடு வாடிக்கையாகக் கிடைத்தாலும் மாதம் ஆறேழு பாக்கெட்தான் ஓடும். "ஒரு பெட்டி எடுத்தால் இரண்டு இலவசம்" என்று கம்பெனிப் பிரதிநிதி சொல்வதைக் கேட்டு எடுத்தால், கடைசிப் பாக்கெட்டுகள் காலாவதியாகித்தான் கடையை விட்டுப் போகும். முதலில் ஆறு பாக்கெட் போதும். விற்காததைத் திருப்பி எடுப்பார்களா என்று பில் போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிலோப் பையாக வாங்கி ஐம்பது கிராம் பொட்டலமாகப் பிரிக்கலாமே என்று தோன்றும். பிரித்துப் பாக்கெட் போட்ட மறு நிமிடம் நாம் மறுபொட்டலக்காரர் ஆகிவிடுகிறோம். நம் உணவுப் பாதுகாப்புப் பதிவில் அந்தத் தொழிலும் சேர்ந்திருக்க வேண்டும். நம் பெயர், முகவரி, நிகர எடை, பொட்டலமிட்ட நாள், எம்.ஆர்.பி. எல்லாம் லேபிளில் வர வேண்டும். பாக்கெட்டாகவே வாங்கும்போது பச்சைப் புள்ளி, உணவுப் பாதுகாப்பு உரிம எண், காலாவதி தேதி, வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதி செய்தவர் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். ஜி.எஸ்.டி.யில் 2102 என்ற தலைப்பில் உயிருள்ள ஈஸ்ட், செயலிழந்த ஈஸ்ட், பேக்கிங் பவுடர் எல்லாம் ஒன்றாக வருகின்றன. வேறு பொருட்கள் சேர்ந்த கலவையை வேறு எண்ணில் போட்டு அனுப்புவதும் உண்டு. இன்வாய்ஸில் உள்ள எண்ணையே நம் பில்லிலும் போட்டால் பின்னால் தொல்லை இல்லை.

இருப்பு வைப்பதில் மலைக் கடைக்காரர்களுக்குத்தான் சோதனை அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் கடைக்குள்ளேயே வந்து உட்காரும். உப்பு மூட்டை தண்ணீர் விடும் காலம் அது. இந்தச் செதில் ஈரத்தைச் சட்டென்று இழுத்துக் கட்டி தட்டிவிடும், மணமும் மாறும். வெளிச்சமும் ஆகாது. பி2, பி12 இரண்டும் வெயிலிலும் வெளிச்சத்திலும் வீணாகும். கண்ணாடி ஜாடியில் அழகாகக் கொட்டி முன்வரிசையில் வைக்கும் வழக்கம் இதற்கு வேண்டாம். வெளிச்சம் புகாத பாக்கெட்டிலேயே, மூடி இறுகிய டப்பாவுக்குள், தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். மிளகாய்த் தூள், சோம்பு, ஊதுபத்தி பக்கத்தில் வைத்தால் அந்த வாசனையை வாங்கிக்கொள்ளும். வாங்குகிறவரிடமும், பிரித்தபின் ஈரக் கரண்டி போடாமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் சரக்கு என்பதால் தேவைக்குத் தகுந்தாற்போல ஆர்டர் கொடுக்க வேண்டும். கோடை விடுமுறையிலும், ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்குக் கூட்டம் வரும் நாட்களிலும் தங்கும் விடுதிக்காரர்கள் கேட்பார்கள். அதற்குப் பதினைந்து நாள் முன்னால் சொல்லி வைத்தால் போதும். பேக்கரி ஈஸ்ட் பாக்கெட்டும் இதுவும் ஒரே தட்டில் இருக்க வேண்டாம். அதை மைதா, பேக்கிங் பவுடர் பக்கமும், இதை மசாலாப் பொடி, சூப் பவுடர் பக்கமும் வைத்துவிட்டால், கடைப் பையன் அவசரத்தில் எடுத்தாலும் மாறிப் போகாது.